இஸ்பிராண்டின் இடது கன்னம்

"என் முகத்தில சிரிப்பு இல்லாத ஒரு நாளை உங்கள்ல யாராவது பார்த்தா, அன்னிக்கே இந்தப் பிரசங்க பீடத்தை உடைச்சு அடுப்புல வெச்சிடுங்க!"

இப்படி அறிவித்தவர், வீடு வீடாகப் பால் சேகரிக்கும் வண்டியின் ஓட்டுநர் இஸ்பிராண்ட் டேவ்ஸ். அறிவித்த இடம் எங்கள் ஜெபவீடு. நாள், அறுவடைத் திருநாள். பீடத்தைச் சுற்றிப் பூசணிக்காய்களும் முட்டைக்கோசுகளும் குவித்து வைத்திருந்ததால் சபதத்துக்குச் சாட்சிகளுக்குக் குறைவில்லை. முட்டைக்கோசுகளை மறுவாரமே உப்பில் ஊறப் போட்டுவிட்டோம். மற்ற சாட்சிகள் அநேகமாக இன்றும் உயிரோடு இருக்கிறார்கள்.

திருநாளுக்கு அக்கம்பக்கத்துக் கிர்கிஸ்காரர்களையும் அழைப்பது எங்கள் வழக்கம். கடைசி பெஞ்சில் இருந்த டோக்டோசுன், இஸ்பிராண்டின் அடுத்த வீட்டுக்காரர், பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார்.

"பீடம் என்ன மரம்?"

"பாப்ளார்."

"அது புகையும். சரியா எரியாது."

இஸ்பிராண்ட் அன்று அவ்வளவு உரக்கப் பேசியதற்குக் காரணம் இருந்தது. எங்கள் சபையை நடத்தும் மூப்பர் கெர்ஹார்ட் வசந்தத்தில் மகளோடு ஜெர்மனிக்குப் போவதென்று முடிவாகிவிட்டது. அந்த வருடங்களில் கிர்கிஸ்தானின் சூய் சமவெளியிலிருந்து எங்கள் ஜெர்மன்காரர்களில் யார்தான் போகவில்லை? போகிறவர்கள் பசுவை விற்றார்கள், வீட்டை விற்றார்கள். மூப்பர் பதவியை மட்டும் விற்க முடியாது. அதற்கு ஆள் தேர்ந்தெடுக்க வேண்டும். கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு, பெயர் சொல்லப்பட்டவர்கள் சபையின் முன் நிற்பார்கள். மூப்பர் ஒவ்வொருவரிடமும் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: உன் இருதயத்தில் என்ன இருக்கிறது? நிற்பவர் ஒரே ஒரு சொல்லில் பதில் சொல்ல வேண்டும். பிறகு நாங்கள் கை தூக்குவோம். எங்கள் முன்னோர் ரஷ்யா முழுக்கச் சுமந்துகொண்டு வந்த முறை இது. ஒரே சொல் என்பதால் பொய்யும் சுருக்கமாகவே முடிந்துவிடும் என்று நினைத்தார்களோ என்னவோ.

இரண்டு பெயர்கள் சொல்லப்பட்டிருந்தன. ஒன்று மாட்டு வைத்தியர் யாகோப் ரெம்பெல். தன் பெயரைக் கேட்டதும் அவருக்கு வியர்த்தது. மற்றொன்று இஸ்பிராண்ட், அவருக்கு வியர்க்கவில்லை. தம் பதில் என்ன என்று அவருக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். "ஃப்ரைட்." எங்கள் தாழ்ஜெர்மன் பேச்சில் சந்தோஷம் என்று அர்த்தம். அந்தப் பதவி மேல் அவருக்கு எவ்வளவு ஆசை என்றால், டோக்மோக் பட்டணத்துக் கடையில் ஒரு கறுப்புக் கோட்டுக்கு முன்கூட்டியே அளவு கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

இஸ்பிராண்டின் சந்தோஷம் பற்றி ஒரு வரலாற்றுக் குறிப்பு அவசியம். ஞானஸ்நானம் எடுத்த நாள்முதல் ஒவ்வொரு ஞாயிறும் சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து நின்று அந்த வாரத்துச் சந்தோஷத்தை அறிவிப்பார். ஒரு வாரம் புது அக்கார்டியன். ஒரு வாரம் ஜெர்மனியிலிருந்து வந்த பிரசங்கியார். ஒரு வாரம் இசிக்கூல் ஏரிக்கரை முகாம். ஒரு வாரம் ஜெபவீட்டுக்குக் கிடைத்த ஒலிபெருக்கி. எங்கள் ஜெபவீட்டில் பின்வரிசையில் இருப்பவர் இருமினால் முன்வரிசைக்குக் கேட்கும் என்பது வேறு விஷயம். எல்லாவற்றுக்கும் முடிவு ஒன்றே: "கர்த்தருக்குள்ள எவ்வளவு சந்தோஷம், சகோதரர்களே!"

அந்தச் சந்தோஷத்துக்கு ஆயுசு எவ்வளவு என்று கண்டுபிடித்தவர் அவர் மனைவி யுஸ்தீனா. ஞாயிறு பிறக்கும், செவ்வாய் இருமும், புதன் அடக்கம். புதன் மாலை இஸ்பிராண்ட் கொட்டகைக்கும் சமையலறைக்கும் நடுவே நடந்துகொண்டிருப்பார். வியாழன் பட்டணத்துக்குப் போய் அடுத்த சந்தோஷத்தைத் தேடத் தொடங்குவார். அக்கார்டியன் அலமாரி மேல் ஏறிவிடும். இவ்வளவுக்கும் நடுவே முகம் மட்டும் சிரித்துக்கொண்டேயிருக்கும். அதில் அவர் நேர்மையானவர்.

யுஸ்தீனா அதிகம் சிரிக்கிறவர் அல்ல. இது கணவருக்கு ஒரு குறை.

"யுஸ்தீனா, கொஞ்சம் சிரிச்சாத்தான் என்ன? பார்க்கிறவங்க என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"பால் கறக்கும்போது யாரைப் பார்த்துச் சிரிக்க? மாட்டைப் பார்த்தா?"

"கர்த்தருக்காகச் சிரி."

"அவருக்கு என்னைத் தெரியும்."

ஊரில் இன்னும் ஒருவர் இருந்தார், அப்ராம் நிக்கெல். அவர் மனைவி அகநேத்தா கோடையில் இறந்துபோனார். அடக்கத்தன்று இஸ்பிராண்ட் பெட்டியின் பக்கத்தில் நின்று, பல்லெல்லாம் தெரிய, "இன்னிக்குச் சந்தோஷமான நாள், அப்ராம்! அவ பரலோகத்துல பாடிட்டிருக்கா!" என்றார். சொன்னதில் போதகப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அப்ராம் தம் பால் கேனைக் கேட்டுக்கம்பத்தின் மேல் வைத்துவிட்டு, வண்டிச் சத்தம் கேட்டதும் வீட்டுக்குள் போய்விடுவார். கேன் மட்டும் இஸ்பிராண்டின் சிரிப்பைத் தனியாகச் சந்திக்கும்.

நவம்பர் வந்தது. மலையிலிருந்து குளிர்காற்று இறங்கியது. இஸ்பிராண்ட் வண்டியின் இடது கண்ணாடியை ஏற்றவில்லை. பாடிக்கொண்டு போகும் முகம் தெருவுக்குத் தெரிய வேண்டாமா? தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது.

"பைகே, பல்லு குளிரலையா?" என்று டோக்டோசுன் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துக் கேட்டார். வயதில் மூத்தவரை அப்படித்தான் கூப்பிடுவார், கிண்டல் செய்யும்போதும்.

"இருதயம் சூடா இருந்தா பல்லு குளிராது!"

ஒரு திங்கட்கிழமை காலை சவரம் செய்தபோது இடது கண்ணில் சோப்பு புகுந்தது. கண் மூட மறுத்தது. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காப்பி குடிக்க உட்கார்ந்தார்.

"யுஸ்தீனா, இந்தக் கப்புல ஓட்டை."

யுஸ்தீனா திரும்பிப் பார்த்தார். "கப்புல இல்ல."

இடது புருவம், இடது கன்னம், இடது உதட்டு ஓரம் எல்லாம் ஒரே இரவில் வேலைநிறுத்தம் செய்துவிட்டன. பட்டணத்து டாக்டர் அம்மாள் நரம்பில் காற்று அடித்துவிட்டது என்றார். திரும்பி வருமா? வரும். எப்போது? அது நரம்பைக் கேட்க வேண்டும். "ஒண்ணு மட்டும் சொல்றேன். சிரிக்க முயற்சி பண்ணாதீங்க. நல்லா இல்ல."

யுஸ்தீனா உப்பை வறுத்துக் காலுறையில் கட்டி ஒத்தடம் கொடுத்தார். டோக்டோசுன் செம்மறி வால்கொழுப்பு கொண்டுவந்து, "எங்க மாமாவுக்கு இதுலதான் சரியாச்சு. அவருக்கு முழங்கால்" என்றார். மூப்பர் எண்ணெய் பூசி ஜெபித்தார். உப்பு, கொழுப்பு, எண்ணெய் மூன்றும் சேர்ந்து அந்தக் கன்னத்துக்கு நல்ல மெருகு கொடுத்தன. அசைவு மட்டும் கொடுக்கவில்லை.

டாக்டர் சொன்னதைக் கேளாமல் அவர் ஒருமுறை சிரித்தும் பார்த்தார். பசு செத்துப்போன ஒரு சகோதரியைத் தேற்றுவதற்காக. வலதுபாதி மட்டும் மேலே போனது. அந்தச் சகோதரி, "என் பசு செத்தா உனக்கு இளக்காரமா?" என்று கேட்டுவிட்டு, மற்ற பசுவின் பாலை ஊற்றாமல் திரும்பிப் போய்விட்டார். அன்றோடு சிரிப்பு நின்றது. வண்டிக் கண்ணாடி ஏறியது. தொப்பி புருவத்துக்கு இறங்கியது. தேர்தல் போச்சு என்று இஸ்பிராண்டுக்கு உறுதியாகிவிட்டது. சிரிக்காத இஸ்பிராண்டுக்கு யார் கை தூக்குவார்கள்? சந்தோஷம் இல்லாவிட்டால் அவரிடம் வேறு என்ன இருக்கிறது? இந்தக் கேள்வியை அவர் யுஸ்தீனாவிடமும் கேட்டார். யுஸ்தீனா, "ஒரு பால் வண்டி இருக்கு. கிளம்பு" என்றார்.

அந்த வாரத்தில் ஒரு நாள், அப்ராம் கேனோடு கேட்டருகே நின்றார். உள்ளே போகவில்லை. வண்டி நின்றது. அப்ராம் குனிந்து தொப்பிக்கு அடியில் பார்த்தார்.

"இப்பத்தான்யா உன் மூஞ்சி பார்க்கிற மாதிரி இருக்கு. உள்ள வா. காப்பி ஆறிடும்."

உள்ளே இரட்டை அடுக்கு ரொட்டியும் பிளம் ஜாமும் இருந்தன. அகநேத்தா கோடையில் போட்ட கடைசி ஜாம். இஸ்பிராண்ட் குடித்த காப்பியில் பாதி சட்டைக்குப் போனது. அப்ராம் ஒரு துண்டை எடுத்துப் போட்டார். பிறகு சன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அடக்கத்தன்னிக்கு உன்னை அடிக்கணும்னு இருந்தது."

பழைய இஸ்பிராண்ட் இதற்குப் பரலோகம் பற்றி ஏதாவது சொல்லியிருப்பார். இந்த இஸ்பிராண்டுக்கு உதடு ஒத்துழைக்கவில்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார், 'ம' வரவில்லை.

"னன்னிச்சுக்கோ."

"என்ன?"

"னன்னிச்சுக்கோ."

அப்ராம் அவரை ஏறிட்டுப் பார்த்தார். இஸ்பிராண்டின் இடது கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது.

"அழுறியா?"

"இல்ல. கண்ணு னூடலை."

அப்ராம் சிரித்துவிட்டார். கோடைக்குப் பிறகு முதல்முறை. சிரித்துக்கொண்டே இருந்தவர் எப்போது அழத் தொடங்கினார் என்று இஸ்பிராண்டுக்குத் தெரியவில்லை. இஸ்பிராண்ட் எழுந்து போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவருக்கு அதைத் தவிர வேறு எதுவும் செய்ய முடியாத நிலை. வெளியே பால் குளிரில் இறுகிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து வலது கண்ணும் நனைந்தது. அதற்கு நரம்பைக் காரணம் சொல்ல முடியாது. மறுநாளும் அப்ராம் கேட்டருகே நின்றார். அதற்கடுத்த நாளும்.

இனி ஒரு வாய்ப்பிழைக்கு வருவோம்.

எங்கள் பேச்சில் சந்தோஷம் 'ஃப்ரைட்' என்றேன் அல்லவா? சமாதானம் 'ஃப்ரேட்'. மனநிறைவோடு இருப்பதையும் இந்த இரண்டாவது சொல்லைக்கொண்டுதான் சொல்வோம். இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் வாயை எவ்வளவு அகலமாகத் திறக்கிறோம் என்பதுதான். அரைவாய் வைத்திருப்பவருக்கு அந்த அகலம் எட்டாது. இஸ்பிராண்டுக்கு அதற்குள் 'ம' திரும்பி வந்திருந்தது; அகலம் வரவில்லை.

கிறிஸ்துமஸை எதிர்நோக்கும் அட்வென்ட் காலத்து ஞாயிறு ஒன்றில் மூப்பர் கெர்ஹார்ட் அன்பு மேலிட்டு, "சகோதரர் இஸ்பிராண்ட், இந்தச் சோதனையிலும் உன் இருதயத்துல என்ன இருக்கு?" என்று கேட்டுவிட்டார். இஸ்பிராண்ட் எழுந்தார். பதவி அப்படியே கைநழுவிப் போகவில்லை என்று ஒரு நம்பிக்கை துளிர்த்தது. பழைய பதிலை முழு மூச்சோடு சொன்னார். "ஃப்ரைட்!"

வெளியே வந்தது "ஃப்ரேட்."

பின்வரிசையில் இருமியவரும் நிறுத்திக்கொண்டார். பெண்கள் பக்கத்திலிருந்து மூக்குறிஞ்சும் சத்தம். மூப்பர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தயாரித்து வந்த பிரசங்கத்தை மடித்து வைத்துவிட்டு, சந்தோஷம் விருந்தாளியைப் போல வந்துபோகும் என்றும், சமாதானம் வீட்டுக்காரரைப் போல அடுப்பைப் பார்த்துக்கொண்டு வீட்டோடு இருக்கும் என்றும், இந்த உண்மையை நம் சகோதரர் துன்பத்தின் நடுவே கண்டுகொண்டார் என்றும் நெடுநேரம் பேசினார். அவர் செய்த பிரசங்கங்களிலேயே அதுதான் சிறந்தது. ஒரு மனிதரின் உதட்டுக்கோணலிலிருந்து அது பிறந்தது என்பது அன்று இரண்டு பேருக்கு மட்டுமே தெரியும்.

வீட்டுக்கு நடக்கும் வழியில் அவர்களில் ஒருவர் கேட்டார். "நீ சொல்ல வந்தது அது இல்லையே?"

"இல்ல," என்றார் இஸ்பிராண்ட், வலதுபாதி முகம் ஜொலிக்க. "ஆனா பார்த்தியா, மூப்பர் கையைப் பிடிச்சு அழுதார். ரெம்பெலே எனக்குத்தான் கை தூக்குவேன்னு சொல்லிட்டான். கோட்டு அடுத்த வாரம் ரெடியாயிடும்."

"புதன் வரைக்கும் தாங்கும்," என்றார் யுஸ்தீனா.

தாங்கியது செவ்வாய் வரைக்கும்தான். செவ்வாயன்று அப்ராம் ரொட்டியைப் பிட்டுக்கொண்டே, "ஞாயித்துக்கிழமை நீ சொன்னது... உனக்கு நெசமாவே அது கிடைச்சிருக்கா? எனக்கு எங்க கிடைக்கும்னு கேட்கிறேன்" என்றார். கிண்டல் இல்லை. உண்மையான கேள்வி. இஸ்பிராண்ட் ரொட்டியை வாயில் வைத்துக்கொண்டு மெல்லாமல் இருந்தார். ஒரு பசித்தவர் வந்து கேட்கிறார். காட்டுவதற்கு அலமாரியில் ஒன்றுமில்லை. ஏதோ முனகிவிட்டு வண்டிக்குப் போனார். அன்று பால் நிலையத்துக்குப் போகும் வழியில் ஓரமாக வண்டியை நிறுத்தி ஜெபித்தாராம். "கர்த்தரே, இப்படித்தான் இருக்கேன். என்கிட்ட ஒண்ணுமில்ல." அவ்வளவுதான். அக்கார்டியன் இல்லாமல், ஒலிபெருக்கி இல்லாமல் அவர் செய்த முதல் ஜெபம் என்று யுஸ்தீனா பின்னால் ஊருக்குச் சொன்னார். பதில் ஏதும் வரவில்லை என்றும் சொன்னார். வண்டி மட்டும் சாவியை முதல்முறை திருப்பியதுமே கிளம்பியதாம். அந்த வண்டியைப் பொறுத்தவரை அது அற்புதம்தான்.

அதற்குப் பிறகு நடந்ததில் எழுதும்படியாக ஒன்றுமில்லை. அவர் பால் எடுத்தார். அப்ராம் வீட்டில் உட்கார்ந்தார். சில நாள் பேச்சு, சில நாள் பேச்சில்லை. மாலையில் கொட்டகையில் யுஸ்தீனா கறக்க, லாந்தரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு மாலை யுஸ்தீனா மாட்டின் விலாவில் தலையைச் சாய்த்தபடியே சொன்னார்: "இன்னிக்குப் புதன்."

"அப்படியா?" என்றார் இஸ்பிராண்ட்.

தேர்தலுக்கு முந்தின சனிக்கிழமை காப்பி சிந்தவில்லை. இருவரும் கப்பைப் பார்த்தார்கள்.

"ஃப்ரைட் சொல்லு," என்றார் யுஸ்தீனா.

"ஃப்ரைட்."

"இன்னொண்ணு?"

"ஃப்ரேட்."

"வாய் சரியாயிடுச்சு. இனிமே சாக்கு இல்ல."

கறுப்புக் கோட்டு நாற்காலி முதுகில் தொங்கிக்கொண்டிருந்தது. நல்ல கோட்டு. தோளில் சரியாகப் பொருந்தியிருந்தது. இஸ்பிராண்ட் அதை நெடுநேரம் பார்த்தார். அவருக்கு இன்னும் ஆசை போகவில்லை. இதை மறைப்பதில் அர்த்தமில்லை.

ஞாயிறன்று ஜெபவீடு நிறைந்திருந்தது. முதலில் ரெம்பெலை நிறுத்தினார்கள்.

"உன் இருதயத்துல என்ன இருக்கு?"

"பயம்," என்றார் ரெம்பெல். அதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அடுத்து இஸ்பிராண்ட், பழைய பழுப்புக் கோட்டில். பெண்கள் பக்கத்தில் கைக்குட்டைகள் தயாராகிவிட்டன. எல்லோருக்கும் அந்தச் சொல் வேண்டியிருந்தது. மூப்பர் கேட்டு முடிக்கும் முன்பே கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"ஒரு சொல்லுல முடியாது," என்றார் இஸ்பிராண்ட். "அன்னிக்கு நான் சொல்ல வந்தது ஃப்ரைட். வாய் கோணியிருந்தது. அதனால ஃப்ரேட்னு விழுந்துது. நீங்க அழுதீங்க, நான் சும்மா இருந்துட்டேன்."

யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு பலர். மூப்பர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். அவருடைய சிறந்த பிரசங்கம் அடித்தளம் இல்லாமல் அந்தரத்தில் தொங்கியது.

"அப்ப இன்னிக்கு என்ன இருக்கு, சகோதரா?"

இஸ்பிராண்ட் யோசித்தார். அவர் அந்த இடத்தில் நின்று யோசித்ததை நாங்கள் அதுவரை பார்த்ததில்லை.

"பெரிசா ஒண்ணும் இல்ல," என்றார். "குறையும் இல்ல."

உட்கார்ந்துவிட்டார். ரெம்பெலுக்குக் கைகள் உயர்ந்தன. இஸ்பிராண்டுக்கு அப்ராமின் கை மட்டும் உயர்ந்தது. யுஸ்தீனாவின் கை உயர்ந்ததா என்பதில் ஊரில் இரண்டு கருத்து உண்டு. ரெம்பெலின் முகம் சுண்ணாம்புச் சுவர்போல வெளுத்துவிட்டது. இஸ்பிராண்ட் போய் அவருக்குக் கைகொடுத்தார். மறுநாள் அந்தக் கறுப்புக் கோட்டையும் கொடுத்தார். கை கொஞ்சம் நீளம்; யுஸ்தீனா மடித்துத் தைத்தார்.

புதன்கிழமை காலை பனி முழங்கால் அளவு இருந்தது. பால் வண்டி கண்ணாடி ஏற்றியபடி தெருவில் ஊர்ந்து வந்தது. டோக்டோசுன் கேனோடு வேலியருகே நின்று, வண்டி நின்றதும் கண்ணாடியைத் தட்டி, முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பரிசோதித்தார்.

"பைகே, சரியாயிடுச்சுன்னாங்க. ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தான் இருக்கு. சிரிப்பைக் காணோமே?"

"இன்னிக்கு இல்ல."

"பதவி போச்சுன்னு வருத்தமா?"

"ஆமா, வருத்தம்தான்," என்றார் இஸ்பிராண்ட், பாலை அளந்து ஊற்றியபடி. "இருக்கட்டும். அது ஒரு பக்கம்."

"அறுவடைத் திருநாள்ல நானும் இருந்தேன், தெரியுமில்ல? கோடாலி எடுத்துட்டு வரட்டுமா?"

"எடுத்துட்டு வா. ஆனா அந்த மரம் புகையும்னு யாரோ சொன்னாங்களாம்."

டோக்டோசுன் வயிறு குலுங்கச் சிரித்தார். இஸ்பிராண்ட் மூடியை இறுக்கி, கேனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வண்டியை நகர்த்தினார். அடுத்து பசு செத்த சகோதரியின் வீடு. அதைத் தாண்டி அப்ராமின் வீடு. புகைபோக்கியில் புகை ஏறிக்கொண்டிருந்தது, காப்பி அடுப்பில் ஏறிவிட்டது என்று அர்த்தம். தெருவின் இருபுறமும் கேனோடு நின்றவர்கள் எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவரும் ஒவ்வொருவரையும் பார்த்துத் தலையசைத்தார். சிரிக்கவில்லை.